இழவும் கட்சியும்: தேசியப் பெருந்துயர்த் திரைப்படங்களுக்கான எதிர்வினைகள் குறித்து

நாட்டையே உலுக்கிய ஒரு பெருந்துயரைப் பொருளாகக் கொண்டு திரைப்படம் ஒன்று வெளிவருமாயின், அதனைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதுவர் என்பதைப் படத்தைப் பாராமலேயே கூறிவிடக்கூடிய நிலை இன்று உள்ளது. எழுதுபவர் எக்கட்சியின் பக்கம் சாய்ந்தவர் என்பது தெரிந்தால் போதும். மதிப்புரையின் கடைசிப் பத்தி வரை ஊகித்துவிடலாம். கட்சிக்காரர்கள் அவ்வாறு நடந்துகொள்வதில் வியப்பில்லை. அது அவர்தம் தொழில். ஆனால் திறனாய்வாளர் என்றும் ஆய்வாளர் என்றும் தம்மைச் சொல்லிக்கொள்வோர், அவருள்ளும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் அமர்ந்து திரைப்பட ஆய்வு நிகழ்த்துவோர், அதே வாய்பாட்டைத் திருப்பிச் சொல்வது பொறுக்கத்தக்கதன்று. ‘இப்படம் யாருக்குப் பயன்படும்?’ என்னும் ஒற்றை வினா, ‘இப்படம் எதனைக் காட்டுகிறது, எவ்வாறு காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது?’ என்னும் வினாக்களையெல்லாம் விழுங்கிவிட்டது.

தேசிய ஒருமைப்பாட்டிற்கான சிறந்த திரைப்படத்திற்கு நடுவணரசு வழங்கிவந்த விருது ஒன்று உண்டு. இடையில் நர்கிஸ் தத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. 2024இல் அப்பெயர் நீக்கப்பெற்றது. எம்.எஸ். சத்யூவின் ‘கர்ம் ஹவா’, கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’, மணிரத்னத்தின் ‘பம்பாய்’, விவேக் அக்னிஹோத்ரியின் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ ஆகிய நான்கும் இவ்விருதைப் பெற்றவை. இந்நான்கையும் ஒருசேர ஏற்பவர் ஒருவரைக் காண்பது அரிது; நான்கையும் ஒரே அளவுகோலால் அளந்து ஏற்கவோ மறுக்கவோ முற்பட்ட ஆய்வுக் கட்டுரையைக் காண்பது அதனினும் அரிது. பிரிவினையின்போது ஆக்ராவில் தங்கிவிட்ட முசுலிம் குடும்பம் ஒன்றின் சரிவைக் காட்டிய ‘கர்ம் ஹவா’, கலவரம் மூளும் என்ற அச்சத்தால் தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. பீஷ்ம சாஹ்னியின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற புதினத்தைத் தழுவிய ‘தமஸ்’ 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. எங்கும் பகைமையைக் காணும் நலிந்த மனத்தின் கண்கொண்டு ஒரு படைப்பை அளக்கலாகாது, திண்ணிய அறிவுடைய இயல்பான மனிதனின் கண்கொண்டே அளத்தல் வேண்டும் என்பது அவ்வழக்கில் நீதிமன்றம் கைக்கொண்ட நெறி. இந்நெறியை நீதிபதிகள் 1988இலேயே வகுத்துவிட்டனர். திறனாய்வாளர்கள் இன்னும் வந்துசேரவில்லை.

2022 மார்ச் 11 அன்று வெளியான ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்திற்கு நேர்ந்ததைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1989ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பள்ளத்தாக்கினின்றும் காஷ்மீரப் பண்டிதர்கள் விரட்டப்பட்டது வரலாற்று உண்மை. புலம்பெயர்ந்தோராகப் பதிவு செய்யப்பெற்ற குடும்பங்கள் 60,000க்கும் மேற்பட்டவை. 1989 முதல் கொல்லப்பட்ட பண்டிதர்கள் 219 பேர் என 2010இல் மாநில அரசு சட்டமன்றத்தில் தெரிவித்தது; பண்டிதர் அமைப்புகள் இதனினும் மிகுந்த எண்ணிக்கையைக் கூறுகின்றன. படம் வெளிவந்த சில நாள்களில் பிரதமர் தம் கட்சி நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் அதனைப் பாராட்டினார். பா.ஜ.க. ஆண்ட மாநிலங்கள் பல வரிவிலக்கு அளித்தன. மத்தியப் பிரதேசத்தில் காவலர்க்கும் அசாமில் அரசு ஊழியர்க்கும் படம் பார்க்க விடுப்பு அறிவிக்கப்பெற்றது. மறுபுறம், கேரளக் காங்கிரசின் சமூக ஊடகப் பக்கம் கொல்லப்பட்ட பண்டிதர்களின் எண்ணிக்கையை முசுலிம்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பதிவிட்டது. கண்டனம் எழுந்தபின் அப்பதிவுகளுட் சில நீக்கப்பெற்றன. பிணங்களை இருதட்டில் இட்டு நிறுப்பது துயரத்திற்கு மறுமொழி ஆகுமா? 1990 சனவரியில் ஆளுநர் யார், அன்றைய நடுவணரசை வெளியிலிருந்து தாங்கிய கட்சி எது என்பன வரலாற்றாசிரியர் கேட்கவேண்டிய வினாக்களே. ஆயின் இழப்பைச் சொல்ல வாய் திறந்தவன்முன் முதல் மறுமொழியாக அவ்வினாக்களை வைப்பது, இழவு வீட்டு வாயிலில் நின்று சொத்துப் பத்திரம் கேட்பதை ஒக்கும்.

அதே ஆண்டு நவம்பரில் கோவாவில் நடைபெற்ற பன்னாட்டுத் திரைப்பட விழாவின் நடுவர் குழுத் தலைவர், இசுரேலிய இயக்குநர் நதவ் லபித், இப்படத்தைப் பரப்புரைப் படமென மேடையிலேயே சாடினார். இசுரேல் தூதர் மறுநாளே அவரைக் கண்டித்தார். அதுவரை லபித்தின் பெயரையே அறியாதவர்கள் ஒருபுறம் அவரைக் கொண்டாடினர்; மறுபுறம் வைதனர். படத்தின் ஒரு காட்சியேனும் அவ்விவாதத்தில் ஆராயப்பட்டதா என்றால் இல்லை என்பதே விடை.

ஆராயத்தக்கவை இல்லாமல் போயினவா? 1990இல் நிகழ்ந்த ஒரு கொலையையும் 2003இல் நாடிமார்க் என்னும் ஊரில் 24 பண்டிதர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வையும் ஒரே குடும்பத்தின்மேல் ஏற்றிக் காட்டுகிறது இப்படம். பதின்மூன்று ஆண்டுக்கால இடைவெளி காண்போன் உணர்வில் கரைந்துபோகிறது. ஓர் இனத்தின் துயர் முழுவதையும் ஒரு குடிமேல் ஏற்றுவது காப்பிய மரபுக்குப் புதிதன்று. அதனைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அந்த இடைவெளியில் அரசுகள் மாறின, கொள்கைகள் மாறின, கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெருகினர். அவையனைத்தும் அழிய, காலமற்ற பகை ஒன்றே எஞ்சுகிறது. கதைக்கூற்றின் உத்தி வரலாற்றுப் பொருளை மாற்றும் இடம் இது. இதனைக் காட்டித் தருவதே திறனாய்வு. ‘பரப்புரை’ என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டு அகல்வதும், ‘உண்மை’ என்ற ஒரு சொல்லை ஏந்திக்கொண்டு முழங்குவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள்.

இரண்டு ஆண்டுகட்கு முன்னர், 2020 பிப்ரவரியில், விது வினோத் சோப்ராவின் ‘ஷிகாரா’ வெளிவந்தது. அதுவும் பண்டிதர் வெளியேற்றத்தைப் பற்றியதே. இயக்குநரும் காஷ்மீரத்தில் பிறந்தவரே. அகதி முகாமில் முதுமை எய்தும் கணவன் மனைவியின் காதலை முன்னிறுத்தியமையால், கொடுமைகள் மழுங்கடிக்கப்பட்டன எனப் பண்டிதர்களுள் ஒரு சாரார் கொதித்தனர். அக்கொதிப்பு நியாயமானது. ஆனால் பின்னாளில் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்தின் வெறுப்பைச் சுட்டிக்காட்டிய முற்போக்கு எழுத்தாளர்கள், வெறுப்பின்றி அதே துயரைப் பேச முயன்ற இப்படத்தை எத்துணை கவனித்தனர்? கட்சிச் சண்டைக்கு உதவாத படம் எந்தப் பக்கத்திற்கும் வேண்டாத படமாகிவிடுகிறது.

குஜராத்தும் தில்லியும்

2002 பிப்ரவரி 27 அன்று கோத்ராவில் சபர்மதி விரைவுத் தொடரியின் பெட்டி எரிந்து 59 பேர் மாண்டனர். மறுநாள் அகமதாபாத்தின் குல்பர்க் குடியிருப்பில் 69 பேர் கொல்லப்பட்டனர். தொடர்ந்த வன்முறையில் 790 முசுலிம்களும் 254 இந்துக்களும் இறந்தனர் என 2005இல் நடுவணரசு நாடாளுமன்றத்தில் கூறியது. கோத்ரா வழக்கில் 2011இல் 31 பேரும், குல்பர்க் வழக்கில் 2016இல் 24 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இரண்டு துயரங்களுக்கும் திரைப்படங்கள் உண்டு. ராகுல் தோலக்கியாவின் ‘பர்சானியா’ குல்பர்க்கில் மகனைத் தொலைத்த ஒரு பார்சிக் குடும்பத்தைப் பற்றியது. சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய தேசிய விருதுகளைப் பெற்றது. 2007இல் வெளியானபோது, எந்த மண்ணின் கதையோ அந்த மண்ணின் திரையரங்குகள் அதனைத் திரையிட மறுத்தன. தடையாணை ஏதும் இல்லை, அச்சமே ஆணையாயிற்று. 2024இல் வந்த ‘தி சபர்மதி ரிப்போர்ட்’ கோத்ராவைப் பற்றியது. அதற்குப் பல மாநிலங்களில் வரிவிலக்கு. திசம்பர் 2 அன்று நாடாளுமன்ற வளாகத்துப் பாலயோகி அரங்கில் பிரதமரே அமர்ந்து பார்த்தார்.

கோத்ராவில் எரிந்தவர்களின் பெயரால் ‘சபர்மதி’ படத்தைக் கொண்டாடியவர்கள், அப்படத்தில் அந்த 59 பேருக்கு எத்துணை இடம் தரப்பட்டது என எண்ணிப் பார்த்தனரா? ஆங்கில ஊடகத்திற்கும் இந்தி இதழாளன் ஒருவனுக்குமான பிணக்கே படத்தின் பெரும்பகுதியைக் கொள்கிறது. மாண்டவர்கள் அப்பிணக்கிற்குச் சான்றுப் பொருள்கள். இதனை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர்களோ பிரதமர் பார்த்த படம் என்பதாலேயே பார்க்கத் தகாதது என்று முடிவு கட்டினர். கோத்ராவில் இறந்தோரைப் பற்றிப் பேசுவதே மறுதரப்பிற்கு வலுச்சேர்க்கும் என்ற தயக்கம் 2002 தொட்டு நம் அறிவுலகில் உண்டு. அத்தயக்கம் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் இத்தகைய படங்கள் குடியேறுகின்றன.

2025 மார்ச்சில் வெளியான மலையாளப் படம் ‘எம்புரான்’ இதற்கு மறுதலை. 2002 வன்முறையை முன்கதையாகக் கொண்டமையால் இந்துத்துவ அமைப்புகள் எதிர்த்தன. சான்றிதழ் பெற்று ஓடிக்கொண்டிருந்த படத்தைத் தயாரிப்பாளர்களே 24 இடங்களில் வெட்டினர். வில்லனின் பெயரும் மாறியது. மோகன்லால் வருத்தம் தெரிவித்தார். கேரள முதலமைச்சராயிருந்த பினராயி விஜயன் குடும்பத்தோடு திரையரங்கு சென்று தம் ஆதரவைக் காட்டினார். வெட்டுகள் கண்டிக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. வன்முறை மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்கலாகாது, மிரட்டலை அடக்குவதே அரசின் கடன் என 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்பட வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதை நம் துறையினர் அறிவர். ஆயினும், ஒரு படுகொலையை வணிகச் சண்டைப்படத்தின் பழிவாங்கல் கதைக்கு வித்தாகப் பயன்படுத்துவது மாண்டோர்க்குச் செய்யும் நீதியா என்ற வினாவை, வெட்டுகளை எதிர்த்தோர் எவரும் எழுப்பக் காணோம். அடக்குமுறைக்கு ஆளான படம் நல்ல படமாயிருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

1984 தில்லிக்கு வருவோம். இந்திரா காந்தி கொலையுண்ட பின் தலைநகரில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டனர் என்பது அரசு அமைத்த குழுவின் கணக்கு. சோனாலி போஸின் ‘அமு’ 2005 சனவரியில் வெளியானது. ஆட்சியாளர்க்கும் அதிகாரிகளுக்கும் வன்முறையில் பங்குண்டு எனக் கைம்பெண்கள் கூறும் உரையாடல்களை நீக்கவேண்டும் என்றது தணிக்கை வாரியம். வயது வந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழே அளித்தது. இயக்குநர் வேறு சொற்களை இட்டு நிரப்பாமல் ஒலியை மட்டும் நீக்கினார். திரையில் உதடுகள் அசைகின்றன, குரல் இல்லை. அன்று நடுவில் ஆண்டது காங்கிரசு தலைமையிலான கூட்டணி. காஷ்மீரத்திற்கு உரத்த குரல் கொடுப்போர்க்கும் குஜராத்திற்கு உரத்த குரல் கொடுப்போர்க்கும் இவ்வுதடுகள் வேண்டப்படாதனவாயின. முன்னவர் தேர்தல் மேடையில் 1984ஐ நினைவுகூர்வரேயன்றி ‘அமு’வை நினைவுகூரார். பின்னவர், ‘இப்போது இதனைப் பேசினால் யாருக்குப் பயன்?’ என்ற பழைய வினாவிற்குள் ஒளிவர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். இருதரப்பையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலை என்னும் பெயரால் அதிகாரத்தை மறைப்பதாகாதா? ஆகும், அவ்வாறு செய்தால். அரசின் வரிவிலக்கும் ஓர் எழுத்தாளனின் பாராட்டும் ஒன்றல்ல. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் ‘வரிவிலக்கு’ என்பது மாநிலம் தன் பங்கை விட்டுக்கொடுப்பது மட்டுமே. 2022இல் நூறு உரூபாய்க்கு மேற்பட்ட சீட்டில் அது 9 விழுக்காடு. தொகை சிறிதாயினும், அதன் பொருள் ‘இத்துயர் அரசு ஏற்ற துயர்’ என்ற முத்திரை. முத்திரை பெறாத துயர்கள் எவை என்பதும் அதனாலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்கு 2006இல் வரிவிலக்கு தந்த மாநிலத்தோடு தொடர்புடைய நமக்கு, வரிவிலக்கு ஒரு மொழி என்பதை விளக்க வேண்டியதில்லை. திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டபின் வாரியத்தின் முடிவை எதிர்ப்பவர் உயர்நீதிமன்றம் செல்லவேண்டியவராயினர். சிறு தயாரிப்பாளர்க்கு அது எளிதன்று. ஆகவே அதிகாரம் எங்குள்ளதோ அங்குப் பழி மிகுதி என்பதை ஏற்கிறேன். நான் மறுப்பது வேறொன்றை: அதிகாரத்தை எதிர்ப்பவர்க்குப் பொருளை முழுமையாகப் பார்க்கும் கடமை தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது என்ற எண்ணத்தை.

நம் வீட்டு முற்றம்

இதுவரை சொன்னவை வடபுலத்துச் செய்திகள் என்று தமிழாய்வாளர் அமைதி கொள்ள வேண்டா. ராஜீவ் காந்தி கொலையைப் பொருளாகக் கொண்டு ஆர்.கே. செல்வமணி 1990களின் தொடக்கத்தில் எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ 2007இல்தான் திரைக்கு வந்தது. ஒரு தலைமுறையின் நினைவு மங்கிய பின்னர் வந்த படத்தைப் பற்றி நம் ஆய்விதழ்கள் பேசியவை சொற்பம். 2013 ஆகத்தில் வெளியான சுஜித் சர்க்காரின் ‘மெட்ராஸ் கஃபே’ தமிழ் அமைப்புகளின் எதிர்ப்பால் தமிழகத் திரையரங்குகளில் திரையிடப்பெறவில்லை. ஈழத்தமிழர் பட்ட அவலத்தை இந்திய உளவுத்துறைக் கண்ணோட்டத்திற்குள் சுருக்கிய படம் அது என்பது என் கருத்து. அதனை நிறுவப் படத்தைப் பார்க்கவேண்டும்; பிறர் பார்த்து மறுக்கவும் வாய்ப்பு வேண்டும். ‘பர்சானியா’ குஜராத்தில் ஓடாததை எண்ணிக் குமுறிய நம்மவர் பலர், இப்படம் தமிழகத்தில் ஓடாததை ஒரு வெற்றியாகவே எண்ணினர். திரையரங்க உரிமையாளரின் அச்சம் அகமதாபாத்தில் பாசிசமாகவும் மதுரையில் மக்கள் எழுச்சியாகவும் பெயர் பெறுமாயின், அச்சொற்களுக்குப் பொருள் இல்லை.

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் வாசிக்கப்பெறும் திரைப்படக் கட்டுரைகளின் அமைப்பை அறிந்தோர் அறிவர். முதற்பக்கத்தில் கோட்பாட்டாளர் ஒருவரின் பெயர், அடுத்து இயக்குநரின் சாதி, சமயம், கட்சிச் சார்பு, பின்னர் கதைச்சுருக்கம், இறுதியில் தீர்ப்பு. ஒளிப்பதிவு பற்றியோ படத்தொகுப்பு பற்றியோ ஒரு வரியும் இராது. இதனைக் கருத்தியல் திறனாய்வு என்று அழைப்பது கருத்தியல் திறனாய்வுக்கே இழுக்கு.

நம்மிடம் கருவிகள் இல்லாமலில்லை. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு. ஒரே நிகழ்வு இரண்டிற்கும் பொருளாகலாம். படைப்பாளி எதனை நோக்கிச் செலுத்துகிறான் என்பதே வினா. முன்னிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துவது அசைவு என்பர் உரையாசிரியர். சம்முவின் முகாம்களில் பண்டிதர்கள் பட்டது அது. ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ முகாமைக் காட்டும் பகுதிகளில் அசைவும் இளிவும் உண்மையாகவே வெளிப்படுகின்றன. இதனை ஒப்புக்கொள்ளாத மதிப்புரை நேர்மையற்றது. ஆனால் படம் அங்கு நிற்பதில்லை. வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகச் சுடப்படும் காட்சியை இறுதியில் வைத்து, ஒரு சிறுவனின் சாவோடு முடிகிறது. கொலைக்குப் பின் அழுவதற்குக் காண்போனுக்கு ஒரு நொடியும் தரப்படுவதில்லை. அழுகை முழுவதும் வெகுளியாக மாற்றப்பெற்று அரங்கிற்கு வெளியே அனுப்பப்படுகிறது. ‘பர்சானியா’வோ ஒரு தாய் ஆணையத்தின் முன் சாட்சியம் கூறும் இடத்தை நோக்கி நகர்கிறது; மகன் கிடைக்கவில்லை என்ற இழவு திறந்தே விடப்படுகிறது. அப்படத்திலும் குறையுண்டு. நடப்பவற்றைக் கண்டு சொல்ல ஓர் அமெரிக்க ஆய்வாளனைப் புகுத்தியிருப்பது, அயலார் சான்றின்றி நம் துயர் நம்பப்படாது என்ற தாழ்வுணர்ச்சியின் விளைவு. நடந்த நிகழ்வில் தொலைந்தவன் பார்சிச் சிறுவன் என்பது உண்மையேயாயினும், மாண்ட முசுலிம்களின் குடும்பங்களை விடுத்து அக்கதையைத் தெரிந்துகொண்டமை பெரும்பான்மைப் பார்வையாளனின் மனத்தடையைக் கணித்த தெரிவு எனலாம்.

பழந்தமிழ்ச் செய்யுளைக் கொண்டு இக்கால அரசியலை அளப்பது பொருந்துமா என்பார்க்கு ஒன்று கூறலாம். சேர மரபினராகச் சொல்லப்படும் இளங்கோ, பாண்டியன் செய்த கொடுங்குற்றத்தைப் பாடினார். குற்றத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. மதுரை எரிந்ததை மறைக்கவுமில்லை. ஆயினும் தன் பிழை உணர்ந்த கணமே உயிர்விடும் பெருமையை அம்மன்னனுக்குத் தந்தார். வாழ்த்துக் காதையில் பாண்டியன் தீதற்றவன், தான் அவன் மகள் எனக் கண்ணகியையே கூறச்செய்தார். மாற்றரசைப் பழிக்கக் கிடைத்த வாய்ப்பை விடுத்த இச்செயலைச் சிலர் மூவேந்தர் ஒற்றுமை என்னும் அரசியலாகக் காண்பர். இருக்கட்டும், அதுவும் அரசியலே. பாரி மகளிரின் கையறுநிலைப் பாட்டு தந்தையைக் கொன்ற வேந்தரை வைவதில்லை என்பதும் நினைக்கத்தகும். பரணி பாடியவரும் நம்மிடையே உண்டு. அது வென்றவரின் இலக்கியம். பரணியைக் கையறுநிலை என்று விற்க முற்படும்போதுதான் இலக்கண ஆசிரியன் குறுக்கிடவேண்டியிருக்கிறது.

இலக்கியமும் திரைப்படமும் என்னும் தாள் இன்று பல பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் உள்ளது. அப்பாடத்திட்டங்களில் ‘பர்சானியா’வையும் ‘தி சபர்மதி ரிப்போர்ட்’டையும், ‘ஷிகாரா’வையும் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ஸையும், ‘குற்றப்பத்திரிகை’யையும் ‘மெட்ராஸ் கஃபே’யையும் ஒரே பருவத்தில், ஒரே வினாக்களோடு வைக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. தில்லி திலக் விகாரில் 1984இன் கைம்பெண்கள் குடியமர்த்தப்பட்ட பகுதியை ‘கைம்பெண் குடியிருப்பு’ என்றே ஊரார் அழைத்தனர். அங்கிருந்து ஒரு மாணவர் நம் வகுப்பிற்கு வந்து, ‘அமு’வில் ஒலி நீக்கப்பட்ட அந்த இடத்தில் என்ன சொல்லப்பட்டது என்று கேட்பாராயின், அச்சொற்களை அவருக்குச் சொல்லிவிட்டு, எந்த ஆட்சியில் அது நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர்கள் எத்துணைப் பேர் உள்ளனர் என்பதைத் துறைகள் எண்ணிப் பார்க்கட்டும்.